பின்னால் வைத்த ஓர் அடி

சினிமாவில் நடக்கிறவர்களின் காலுக்குச் சொந்தச் சத்தம் கிடையாது. படம் பிடிக்கும் இடத்தில் மைக் நீட்டுவது வாயைப் பார்த்துத்தான், காலை யாரும் சட்டை செய்வதில்லை. கதாநாயகன் மாடிப்படி ஏறுவதும், கதாநாயகி கதவைப் படாரென்று சாத்துவதும், அப்பா வேடம் போட்டவர் கோப்பையைத் தட்டில் வைப்பதும் பிறகு ஓர் அடைத்த அறையில், திரையைப் பார்த்துப் பார்த்து, வேறு யாரோ செய்து சேர்ப்பவை. அந்த வேறு யாரோதான் காலடியக்கா.

நாலு மாடி ஒலிப்பதிவுக் கட்டடத்தின் அடித்தளத்தில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய, ஜன்னலே இல்லாத அறை. தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒன்றில் சிமெண்ட், ஒன்றில் பலகை, ஒன்றில் சரளை, ஒன்றில் மணல் என்று போட்டிருந்தார்கள். ஓரத்து அலமாரியில் அறுபது ஜோடி செருப்பும் ஷூவும். ஆம்பிளை ஷூவுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு அவளே போலீஸாக நடப்பாள், அவளே திருடனாகவும் ஓடுவாள். ஆறு என்றால் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. பறவைக்கூட்டம் என்றால் ஒரு ஓட்டைக் குடை. முத்தம் என்றால் அவளுடைய இடது முன்கை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ ஜோடிகளின் முத்தத்தை அந்தக் கைதான் வாங்கியிருக்கிறது. கொடுத்ததும் அவள்தான், வாங்கியதும் அவள்தான் என்று ஒலிப்பதிவாளர் தம்பி கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவாள்.

வயது ஐம்பத்து மூன்று. தனிக்கட்டை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு. மேல்வீட்டுக்காரருக்கு இடது முழங்காலில் வலி, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை போய் பத்து நாளாகிறது, கீழ்வீட்டுத் தம்பதிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இதெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்ததல்ல, நடப்பதைக் கேட்டே தெரிந்தது. அவளைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் நடந்தால்தான் கேட்காதே. வாசல் காவலாளி தினமும் ஒரு தடவை தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்.

“ஒரு தடவ இருமிட்டாவது வாங்கம்மா. என் உசுரு போகுது” என்பார்.

அந்த நடை வந்த கதை கொஞ்சம் பழையது. இருபது வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் ராத்திரி வேலை. காலையில் வந்து படுத்தால் மாலைவரை தூக்கம். வீடோ ஒரே அறை. ஒரு கரண்டி விழுந்தால் போச்சு. அடித்தாரா என்றால், எப்போதாவது. பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே அவள் குதிகாலைத் தரையில் வைக்காமல் நடக்கவும், பாத்திரத்தைத் துணி சுற்றிக் கழுவவும், தும்மலை விழுங்கவும் கற்றுக்கொண்டாள். ஏழு வருடம் அப்படி. ஒருநாள் மத்தியானம் ஒரு பையில் நாலு துணியை எடுத்து வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். மனுஷர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி! தான் போனது யாருக்குமே கேட்கவில்லை என்கிற விஷயம் அப்போது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. அது உறுத்த ஆரம்பித்தது ரொம்ப நாள் கழித்து.

அக்கா வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் நடிகர்களின் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கால்சத்தம் செய்கிற ஆள் வராத ஒருநாள், வெறுங்காலில் ஒரு பெண் நடக்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். நடந்தாள். மைக்கில் ஒன்றுமே விழவில்லை. “நடம்மா” என்றார்கள். “நடந்துட்டேங்க” என்றாள். அறையே சிரித்தது. ஆனால் எந்த இடத்தில் காலை வைத்தால் சத்தம் வரும் என்று ஏழு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தவள் அவள். அந்த இடத்தில் வைக்காமல் இருந்தவள், இனி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே வாரத்தில் துவைக்கிற வேலையிலிருந்து எடுத்து இங்கே போட்டுவிட்டார்கள்.

திரையில் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முகம் சம்பளம் வாங்குகிறது, சொன்னதைச் செய்யும். காலுக்கு யாரும் நடிப்புச் சொல்லித் தருவதில்லை. உருகி உருகிக் காதல் வசனம் பேசுகிற பெரிய நடிகரின் கால் வாசல் பக்கம் திரும்பியிருக்கும், ஆளுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். வில்லனும் கதாநாயகியும் முறைத்துக்கொண்டு நிற்கிற காட்சியில் இரண்டு பேரின் கட்டைவிரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். படம் வந்த ஆறாவது மாதம் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம். பத்திரிகைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள், காலடியக்கா ஆச்சரியப்படவில்லை.

இந்தப் படம் வந்தது இப்படியிருக்கும்போதுதான்.

டைரக்டர் பெரிய மனிதர். பரிசெல்லாம் வாங்கியவர், மெல்லப் பேசுகிறவர். அடித்தள அறைக்கு டைரக்டர்கள் வருவதே கிடையாது. இவர் வந்தார். அவளுடைய முக்காலியில் உட்கார்ந்துகொண்டு முழுக் கதையையும் சொன்னார். மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. ஆம்பிளையே கிடையாது, பெண்கள் மட்டும். விதைப்பதும் அறுப்பதும் அவர்கள்தான். கோபம், பூட்டு, வேலி எதுவும் கிடையாது. அங்கே வழி தவறி ஒருவன் வந்து சேர்கிறான். காய்ந்து கிடந்த நிலத்துக்கு அவன் மேலிருந்து தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவருகிறான். நிலம் நனைகிற அன்றைக்குத்தான் தலைவி அவனுக்கு வசப்படுகிறாள்.

“பூமியும் பொண்ணும் ஒண்ணும்மா. கேக்காமலே குடுக்கும்” என்றார், கண் லேசாகக் கலங்க.

கேட்காமல் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்” என்றார் அவர். “அந்த ஊர்ல பொண்ணுங்க நடந்தா சத்தமே வரக் கூடாது. புல்லு மேல மிதக்குற மாதிரி இருக்கணும். அவன் காலு மட்டும் கேக்கட்டும். இது சொர்க்கம்மா.”

“புல்லுல நடந்தா சத்தம் வரும் சார். காஞ்ச புல்லுக்கு ஒண்ணு, ஈரப் புல்லுக்கு வேற ஒண்ணு. மண்ணும் சேந்து பேசும்.”

“நெஜத்துல வரும்மா. இது கனவு.”

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் மணல் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு கனவு ஊர் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. அதிலும் பெண்கள்தான். ஆனால் அந்த ஊருக்குள் நுழையும்போதே காது கிழியும். தொம் தொம் என்று குதிகால் பதித்து நடப்பார்கள். கதவை அறைந்து சாத்துவார்கள். கரண்டியைக் கீழே போடுவார்கள், எடுக்கமாட்டார்கள். யாராவது தூங்குகிறார்கள் என்றால், தூங்கட்டும், அல்லது எழுந்து போகட்டும். மண்ணும் சும்மா இருக்காது, மிதித்தால் மிதித்தது என்று சொல்லும். சத்தமே இல்லாத பெண்ணும் சத்தமே இல்லாத மண்ணும் யாருடைய சொர்க்கம்? அவளுக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

இருந்தாலும் வேலை வேலைதான். சத்தம் தெரியாமல் இருப்பதற்கும் கொஞ்சம் சத்தம் வேண்டும், முழு மௌனம் வைத்தால் ரீல் கெட்டுவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். புல்லுக்கு வழக்கமாக அவள் பயன்படுத்துவது பழைய ஒலிநாடாக்களை உருவிப் போட்ட குவியல்தான். இந்தத் தடவை அவள் தோட்டக்கடையில் சொல்லி, மண்ணோடு பெயர்த்த நிஜப் புல்லை ஒரு கதவு அகலத்துக்கு வாங்கிவந்து தட்டில் பரப்பினாள். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, “சும்மாதான்” என்றாள். தினமும் காலையில் அந்தத் தட்டை இரண்டு பேர் பிடித்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வெயில் காட்டிவிட்டு இறக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அதிலிருந்து ஒரு மண்புழு வெளியே வந்து மைக் கம்பியில் ஏறியது. தம்பி நாற்காலியில் ஏறிவிட்டான். ஒலிப்பதிவுப் படிப்பில் முதல் வகுப்பு வாங்கியவன்.

அந்தக் காட்சி ஐந்தாம் நாள் வந்தது. மாலை வெயில், இடுப்பளவு செடி தழைத்த இடம் தாண்டி ஒரு திறந்த புல்வெளி. தலைவி நிற்கிறாள், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு. தலையிலிருந்து கால்வரை தெரிகிறது. அவன் நடந்து வருகிறான், நெருங்குகிறான், கையை நீட்டி அவள் கழுத்தில் வைக்கிறான். அவள் புன்னகைக்கிறாள். வெட்டு.

அவனுடைய காலடிகளை முடித்துவிட்டு, தலைவியின் காலைப் பார்க்க மறுபடி ஓடவிடச் சொன்னாள். பார்த்தாள்.

“தம்பி, நிறுத்து. பின்னாடி போ.”

“என்னக்கா?”

“கை கழுத்துல படுது பாரு. இப்ப அவ வலது காலப் பாரு.”

தம்பி படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினான். கை பட்ட அந்த நொடியில் அந்தப் பெண்ணின் வலது குதிகால் பின்னால் போயிருந்தது. அரை அடி தூரம்கூட இல்லை. உடனே திரும்பிப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எல்லாம் ஒரு விநாடிக்குள். மேலே முகம் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது, கீழே நடந்தது அதற்குத் தெரியவே தெரியாது.

“அட, ஆமாக்கா! எடிட்டர்கூட பாத்திருக்க மாட்டாரு.”

“இது நடிப்பு இல்ல.”

“இருக்கட்டும். அதான் சத்தம் வேணாம்னு சொல்லிட்டாரே. விட்டுடுங்க.”

விட்டுவிடலாம்தான். சத்தம் இல்லாவிட்டால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். படம் பார்க்கிற அத்தனை பேரும் அவள் சந்தோஷமாக நின்றாள் என்றே வீட்டுக்குப் போவார்கள். சத்தம் வைத்தால் ஒருவேளை யாராவது கீழே பார்ப்பார்கள். காலடியக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல் தட்டில் ஏறினாள். பதினேழு தடவை செய்தாள். ஒரு தடவை கனமாகிவிட்டது, ஒரு தடவை சறுக்கல்போல் கேட்டது. பதினேழாவதில், ஈரப்புல் அமுங்கி, அடியில் ஒரு சருகு ஒடிந்து, மண் லேசாக வழிவிட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் புருஷன் தூங்கிய அறையின் கதவுக்கு உள்ளே அவளே வைத்திருக்க வேண்டிய அடி அது.

“இதத் தனி ட்ராக்ல வை” என்றாள். தம்பி பெருமூச்சு விட்டுவிட்டு வைத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த நடிகை தன் வசனத்தைப் பேசிப் பதிவு செய்ய முதல் மாடிக்கு வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். இதுதான் முதல் பெரிய படம். இடைவேளையில் தாழ்வாரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். காலடியக்கா பக்கத்தில் போய் நின்றாள். வழக்கம்போல அவளும் திடுக்கிட்டுத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள்.

“பயப்படாதம்மா. கீழ கால்சத்தம் பண்றவ நான். ஒண்ணு கேக்கணும். அந்தப் புல்வெளி சீன்ல, அவர் கை வச்சதும் பின்னாடி ஒரு அடி வச்சியே, அது சொல்லிக் குடுத்ததா?”

அந்தப் பெண்ணின் முகம் முதலில் சிரித்தது. பழக்கம். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

“அது தெரியுதாக்கா?”

“எனக்குத் தெரிஞ்சது.”

“ரிகர்சல்ல கிட்ட வந்து நிப்பாருன்னுதான் சொன்னாங்க. கை வைப்பாருன்னு எல்லாருக்கும் தெரியும், எங்கிட்ட மட்டும் சொல்லல. நெஜமா அதிர்ச்சி ஆகணுமாம். நெஜம்னா நெஜம், ஷாட் முடியுற வரைக்கும் அவர் கைய எடுக்கவே இல்ல.”

“நீ கேட்டியா?”

“யாரப் போய்க் கேக்குறது? எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருந்தாங்க.”

காலடியக்கா அவளை அடித்தளத்துக்கு அழைத்துப் போனாள். ஹெட்போனை மாட்டிவிட்டு, திரையில் அந்தக் காட்சியை ஓடவிட்டு, தனி ட்ராக்கைத் திறந்தாள். அந்தப் பெண் ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இது நான்தான்” என்றாள். “அன்னைக்கி அங்க இருந்தது இது ஒண்ணுதான் நான். படத்துல வருமாக்கா?”

“வர வைக்கிறேன்.”

“யாராவது ஒருத்தருக்காவது கேக்கட்டும்” என்று சொல்லி, அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மேலே ஓடினாள். காலடியக்கா யாருக்கும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவள், கேட்க ஆள் இருந்ததில்லை. அன்று முழுவதும் அவள் உள்ளங்கை சூடாகவே இருந்தது. வெட்கமில்லாமல் சொல்லப்போனால், அவள் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள்.

எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கோக்கும் வேலை மூன்றாம் மாடியில் நடக்கும். கால்சத்தக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. கூப்பிடாமலே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பி திரும்பிப் பார்த்தான். ட்ராக்கைத் திறந்தே வைத்திருந்தான். நல்ல பிள்ளை.

காட்சி வந்தது. அவன் நடந்தான், கையை நீட்டினான். புல் அமுங்கிச் சருகு ஒடிந்தது.

டைரக்டர் கையை உயர்த்தினார். “நிறுத்து. இது என்ன சத்தம்?”

அவள் எழுந்து நின்றாள்.

“அந்தப் பொண்ணு பின்னாடி போனது சார். கால அவதான் வச்சா. நான் சத்தம் மட்டும்தான் குடுத்தேன்.”

“மறுபடி போடு.”

போட்டான். டைரக்டர் இந்தத் தடவை முன்னால் குனிந்து பார்த்தார். திட்டு விழும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திட்டு விழவில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“அடடா! வெக்கப்பட்டுப் பின்னாடி போறா! எத்தன தடவ பாத்திருக்கேன், கண்ணுலயே படலியே. பிரமாதம்மா. நீங்க கலைஞர்.”

“வெக்கம் இல்ல சார். பயம்.”

“அந்த நேரத்துல ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு. பிறகு தம்பியிடம் திரும்பினார். “ஆனா தனியா கேட்டா மொட்டையா இருக்கு. கூடவே ஒரு வளையல் சத்தம் குடு. சின்னதா சிணுங்கினா போதும்.”

“அவ கையில வளையலே இல்ல சார்” என்றாள் காலடியக்கா.

“கை முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கு. யாருக்குத் தெரியும்?”

“அப்ப அந்த அடியே வேணாம் சார். எடுத்துடுங்க. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி.”

“எடுக்கறதா? இப்ப அதானே சீனே!”

“நான் வளையல் போட மாட்டேன் சார்.”

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் சொன்ன முதல் மாட்டேன். அதற்காவது ஒரு கோபம் கிடைத்திருக்கலாம். அதுவும் கிடைக்கவில்லை.

“வேணாம்மா, நீங்க சிரமப்படாதீங்க. ரொம்ப உழைச்சிருக்கீங்க” என்று கனிவாகச் சொல்லிவிட்டு, “நூலகத்துல இருக்குமே, பாரு தம்பி” என்றார்.

நூலகம் என்றால் புத்தகமல்ல. இதுவரை அந்தக் கட்டடத்தில் பதிவான சத்தங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் கணினி. கதவுகள், மழைகள், வளையல்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். தம்பி ஒவ்வொன்றாகத் தட்டினான். டைரக்டர் தலையை ஆட்டி ஆட்டி ஒதுக்கினார். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஒன்று வந்தது. கண்ணாடி வளையல் இரண்டு மெதுவாக உரசி, ஒரு குட்டிச் சிணுங்கல். “இதான்!” என்றார் அவர்.

காலடியக்கா அதற்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டாள். அது அவளுடைய கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துணி அறையிலிருந்த பச்சை வளையல் இரண்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு படத்தின் ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணுக்காகச் செய்தது. அப்போது தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். அவனுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? என் கையைத் திருப்பிக் கொடுங்கள் என்றா? உட்கார்ந்துவிட்டாள். அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

அடித்தளத்துக்கு வந்தபோது புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு அதை மாடிக்கு ஏற்ற ஆளில்லை.

படம் வெளியான நாலாம் நாள் மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனாள். நல்ல கூட்டம். பெண்களும் நிறைய. பள்ளத்தாக்கு திரையில் விரிந்தபோது எல்லோரும் ஆஹா என்றார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பெண்கள் மிதந்தார்கள். தண்ணீர் வந்து நிலம் நனைந்தது. பிறகு அந்தப் புல்வெளி. கை நீண்டது, கழுத்தில் பட்டது, குதிகால் பின்னால் போயிற்று, வளையல் சிணுங்கியது.

அரங்கமே சிரித்தது. நல்ல சிரிப்பு, அன்பான சிரிப்பு. பின்வரிசையில் விசில் பறந்தது. “வெக்கத்தப் பாருடா!” என்று எவனோ கத்தினான். பக்கத்து இருக்கைப் பெண், யாரென்றே தெரியாதவள், இவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள், சேர்ந்து சிரிக்க ஆள் தேடுகிறவளைப்போல. காலடியக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஒருத்தருக்காவது கேட்கட்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மறுநாள் விடுமுறை. காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“அக்கா, நான்தான்.”

குரலைக் கேட்டதும் அந்த நடிகை என்று தெரிந்தது. “சொல்லும்மா.”

“தியேட்டர் போயிருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்கக்கா.”

“நானும் போயிருந்தேன்மா.”

“அந்த வளையல். நீங்களா பண்ணீங்க?”

இல்லை என்று சொல்லலாம். மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னவள்தானே. தம்பியைக் கேட்டால் அவனும் சாட்சி சொல்வான். அந்த ஓர் ‘இல்லை’யைச் சொல்லிவிட்டால் இந்தப் பெண் இன்னொரு நாளும் போன் செய்வாள். காலடியக்காவுக்கு அது வேண்டும்போல் இருந்தது. அவள் வீட்டில் போன் அடிப்பதே அபூர்வம்.

“மாட்டேன்னு சொன்னேன்மா. ஆனா அது என் கைதான். எப்பவோ பண்ணி வச்சது, எடுத்துப் போட்டுட்டாங்க.”

“ஓ.”

“எடுத்துடச் சொல்லியும் பாத்தேன். அவருக்குப் புடிச்சுப்போச்சு.”

“நீங்க அந்த அடிய வைக்காம இருந்திருந்தா அவரு பாத்தே இருக்க மாட்டாருல்லக்கா?”

காலடியக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“நானும்தான் வேணும்னு கேட்டேன். உங்கமேல கோவம் இல்ல” என்றாள் அந்தப் பெண். “ஆனா அது யாருக்கும் தெரியாம எங்கிட்ட இருந்துச்சு. என்ன பண்ணாலும் அது ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு நெனச்சுப்பேன். இப்ப அதையும் குடுத்துட்ட மாதிரி இருக்கு.”

“ஆமாம்மா” என்றாள் காலடியக்கா.

“சரிக்கா.”

போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது, மேசைமேல். துண்டிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. பிறகு காலடி. வெறுங்கால், வழுவழுப்பான தரை, குதிகாலைத் தரையில் வைக்காத நடை. எட்டு, ஒன்பது, பத்து. அதற்கப்புறம் ஒரு கதவு, ரொம்ப மெதுவாகச் சாத்தப்பட்டது. காலடியக்கா வெங்காயக் கையோடு நின்றுகொண்டு, யாராவது வந்து எடுக்கிறார்களா என்று போனைக் காதிலேயே வைத்திருந்தாள். யாரும் வரவில்லை.